தவம் அண்ணையின் பைக்குள் இருந்த இறுவட்டு

மன்னாரில் இருந்த ஐந்து நாட்களில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. அம்மாவின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன்.
2. முருங்கனுக்குக் கொஞ்சம் இப்பால் பேருந்து நின்றுவிட்டது.
3. கலாவைப் பத்து வருடங்களுக்குப் பிறகு பார்த்தேன். அவள் முதலில் கேட்டது: "இன்னும் லிஸ்ற் எழுதித் திரியிறியோ?"
4. ஒரு பாட்டுச் சீடியை வேண்டுமென்றே நாசமாக்கினேன்.
5. ஒரு போத்தல் ஓடிக்கொலோன் முடிந்தது.
6. மடு மாதா கோயிலில் அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.
7. கட்டுக்கரைக்குக் கீழே ஒரு கூட்டத்தில், வயற்காரர் ஒவ்வொருவராக ஆமோதித்து "ஓம்" சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
8. கையோடு கொண்டுபோன ஒரு பக்கக் குறிப்பில் மூன்று காரணங்களையும் வெட்டினேன்.

கடைசியிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும். நான் சுவிஸில் ஒரு சிறிய நகரசபையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த நாட்டில் மத்திய அரசு தனக்காக எழுதுவிக்கும் மென்பொருளின் மூலநிரலை வெளியிடவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் நகரசபை அதற்கும் ஒரு படி மேலே போகலாமா என்று யோசிக்கிறது. வாங்கிப் பாவிக்கும் மென்பொருள்கூட திறமூலமாக இருக்கவேண்டும், அதாவது யாரும் திறந்து பார்த்து, திருத்தி, மற்றவருக்கும் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கலாமா? நான் விடுமுறைக்குப் புறப்படும்போது மேலாளர் சொன்னார்: "ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா. ஆம் அல்லது இல்லை. காரணம் மூன்றுக்கு மேல் வேண்டாம்." விமானத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். ஆம். செலவு குறையும், பாதுகாப்புக் கூடும், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கத் தேவையில்லை.

முதல் நாள் பிறப்புப் பதிவுக் கந்தோரில் போனது. அம்மாவின் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு அனுப்பிய பிறப்புச் சான்றிதழைச் சுவிஸில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். லமினேற் செய்த பத்திரத்தை ஏற்கமாட்டார்களாம். முத்திரையின் மேடு விரலில் தட்டுப்படவேண்டுமாம். எங்கள் பக்கத்தில் லமினேற் செய்யாத பத்திரம் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். போரில் ஓடித்திரிந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பங்கீட்டு அட்டை எல்லாம் அதற்குள். மழையில் நனைந்து, கடலில் நனைந்து, மிஞ்சியவற்றைக் காலம் கொஞ்சம் அமைதியானதும் பிளாஸ்ரிக்குக்குள் அடைத்தோம். மன்னார் கந்தோரில் இருந்த அக்கா அம்மாவின் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். "இதைப்போல ஒரு நாளைக்குப் பத்து வரும் தங்கச்சி. புதுசு ஒண்டு எழுதிப் போடுறம். தயவுசெய்து அதையும் கொண்டுபோய் ஒட்டிப்போடாதேங்கோ."

அன்று மாலை பேசாலையில் சின்னம்மா வீட்டில் புட்டும் பாரைமீன் குழம்பும். சுவிஸில் நான் செய்யும் குழம்புக்கு இதே பெயர்தான். ஒற்றுமை அதோடு சரி.

இரண்டாம் நாள் கலாவைப் பார்க்கப் புறப்பட்டேன். பேருந்தின் விசிறிப் பட்டி வழியில் அறுந்துவிட்டது. சாரதி இறங்கி நின்று யாருக்கோ சிங்களத்தில் தொலைபேசி எடுத்தார். எனக்கு விளங்கிய அளவில்: "அரை மணித்தியாலம் என்று சொல்லாதே தம்பி. போனமுறையும் அரை மணித்தியாலம் என்றுதான் சொன்னாய். மாலையாகிவிட்டது." சுவிஸில் ரயில் நாலு நிமிடம் பிந்தினால் மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் மடியிலிருந்த வறுத்த கச்சான் கடலையில் பாதியை என் கையில் கொட்டினார். "சாப்பிடு பிள்ளை, எப்பிடியும் முடியும்" என்றார். முடிந்தது. கச்சானைத்தான் சொல்கிறேன். பேருந்து அதற்குப் பிறகும் நின்றது. மிச்சத் தூரத்துக்கு ஓட்டோ பிடித்தேன்.

கலாவும் நானும் மன்னாரில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது அவள் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயல் செய்கிறாள், தாயோடு இருக்கிறாள். போன மழைக்காலக் காலபோகப் பயிர் முழுவதையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. வீட்டு மூலையில் இரண்டு மூட்டை விதைநெல் பலகைமேல் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"சிறுபோகத்திலை பங்கு கிடைச்சா அது விதைநெல். கிடைக்காட்டி குத்திச் சாப்பிடவேண்டியதுதான்."

சிறுபோகம் கோடைப் பயிர், எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. ஆகவே இருக்கிற தண்ணீருக்கு ஏற்ப, நாலு ஏக்கர் உள்ளவருக்கு ஒரு ஏக்கர் என்பதுபோலப் பிரித்து, வாய்க்காலுக்குக் கிட்டவுள்ள நிலத்தில் எல்லாருமாகச் செய்வார்கள். பங்கு பெயர்ப் பட்டியலின்படிதான். பட்டியலில் இல்லாதவருக்குப் பங்கில்லை.

"பட்டியலிலை நீ இருக்கிறாய்தானே?"

"கொம்பியூட்டர் பட்டியலிலை இருக்கிறன். கொம்பியூட்டருக்குள்ளை வெள்ளத்திலை மீன் குடியிருந்தது. நீர்ப்பாசனக் கந்தோர் பழைய பதிவுக் கொப்பியைப் பாக்கட்டாம். அந்தக் கொப்பி எழுதேக்கை நாங்கள் மடுவிலை அகதியளாத் தறப்பாளுக்குக் கீழ இருந்தனாங்கள். என்ர பேர் எப்பிடி இருக்கும்?"

அவளைப்போலப் பதினொரு குடும்பம். பிந்தித் திரும்பி வந்து, காணி பிந்தி அளக்கப்பட்டு, கணினியில் மட்டும் பதியப்பட்டவர்கள். ஏதோ ஒரு திட்டம் வந்து ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு ஒரு கணினியும் ஒரு மென்பொருளும் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ஆறு மாத ஒப்பந்தத்தில் பதிவு வேலை செய்தவள் கலாதான்.

"பிரதி எடுக்கேல்லையோ?"

"எடுக்காமலோ? கடைசி நாள் சீடி ஒண்டு அடிச்சுக் குடுத்தனான். தவம் அண்ணையிட்டை இருக்கு. ஆனா..." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்தாள். "நீயே வந்து பார்."

தவம் அண்ணை கமக்காரர் அமைப்பின் செயலாளர், அறுபது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். அதே பை. எங்கள் வீட்டிலும் இருந்த அதே பை.

"தண்ணி மூண்டு நாள் நிண்டது பிள்ளை. பை மிதந்தது. பாருங்கோ, ஒண்டும் நனையேல்லை."

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். காணி அனுமதிப் பத்திரம். காலாவதியான பஸ் சீசன் அட்டை. தகப்பனின் மரண அறிவித்தல். மகளின் முதல் முடி, ஒரு கொத்து. எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள். கடைசியாகச் சதுரப் பிளாஸ்ரிக் ஒன்று. நடுவில் வட்டமாக, பளபளவென்று, கலாவின் கையெழுத்தோடு அந்தச் சீடி.

நான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணை, தண்ணி சீடியை ஒண்டும் செய்யாது."

"அது உங்கட சுவிஸ் தண்ணி."

"பிளாஸ்ரிக்கை வெட்டினால்தான் வாசிக்கலாம்."

"ஒறிஜினலை வெட்டுறதோ?" பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "பங்கு பிரிக்கிற கூட்டத்துக்கு இன்னும் மூண்டு நாள் இருக்கு. வெட்டிப் பிழைச்சா நான் இந்தப் பதினொரு வீட்டுக்கும் என்ன பதில் சொல்லுறது?"

நியாயமான கேள்வி. சீடியில் தரவு இருப்பது அடிப்பக்கத்தில் அல்ல. எழுதுகிற மேற்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய வெள்ளிப் படலத்தில். பிளாஸ்ரிக்கின் பசை பிடித்திருப்பதும் அந்தப் படலத்தின் முதுகைத்தான். மேலே உரித்தால் படலமும் கூடவே வரும். கீழ்ப்பக்கம் தடித்த பிளாஸ்ரிக், அங்கே உரிக்கலாம். இதைச் சொல்லி விளங்கப்படுத்த ஒரு பிளேன்ரீ ஆறிப்போனது. கடைசியில் தவம் அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் வேறொன்றில் செய்துகாட்டவேண்டும், தானும் கூட வருவார், பை தன் கையில்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் மன்னார் நகரத்தில் சீடி வாசிக்கும் பெட்டி தேடி அலைந்தோம். கடைகளில் இப்போது அப்படி ஒன்று இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் முதல்நன்மைச் சடங்குப் படம் எடுக்கும் ஸ்ரான்லியின் ஸ்ரூடியோவில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். போனால் கதவில் "மதியத்துக்குப் பின்" என்று அட்டை தொங்கியது. அதுவரை எங்கே இருப்பது? கலா என் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே இடம்தான் ஞாபகம் வந்தது.

கோயில் மண்டபத்தின் பின் அறை இப்போது கதிரை அடுக்கும் இடம். எங்களுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அங்கே ஏழு கணினிகள் இருந்தன. யாரோ பாவித்து முடித்து அனுப்பியவை. சாதாரணமாகப் போடும் மென்பொருளுக்கு உரிமம் இல்லை, ஆகவே இலவசமாகக் கிடைக்கும் திறமூல இயங்குதளத்தைப் போட்டோம். பெடியளுக்கு விளையாட்டு இல்லாததால் அவர்கள் வரவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஆறு பெட்டைப் பிள்ளைகள் மட்டும். மின்சாரம் போனால் இருட்டில் பாட்டுப் பாடினோம். இருந்தால் அந்த மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கினோம். ஒரு சொல்லுக்கு மூன்று சனிக்கிழமை சண்டை பிடித்ததுண்டு. "சேவ்" என்பதற்கு எல்லாரும் சேமி என்றபோது கலா ஒருத்திதான் மறுத்தாள். "சேமிக்கிறது காசை. பேப்பரைக் காப்பாத்தவேணும்" என்றாள். அவள் தோற்றாள். உலகத்தில் எங்கோ யாரோ ஒருவர் எங்கள் சொற்களை அழுத்தி வேலை செய்வார் என்ற நினைப்பில் நாங்கள் வீட்டுக்கு நடந்த அந்தப் பின்னேரங்களைப்போல எனக்கு வேறு எந்த வேலையும் இனித்ததில்லை. இப்போது எனக்குச் சம்பளம் தருகிற வேலையும்தான்.

சுவரில் நான் ஒட்டிய ஐந்து விதிகளின் பசைத் தழும்பு இன்னும் இருந்தது. தாள் இல்லை.

"ஒண்டு, செருப்பைக் கழட்டவும்" என்றாள் கலா. "மிச்சம் மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கேல்லை."

"உனக்கு எப்பிடி மறக்கும்? லிஸ்ற் ராணி!"

ஸ்ரான்லி வந்ததும் கதையைச் சொன்னோம். அவன் பழைய பாட்டுச் சீடி ஒன்றைத் தியாகம் செய்தான். அவனுடைய லமினேற் இயந்திரத்திலேயே அதை அடைத்து, மேற்பக்கத்தை உரித்தேன். மீன் செதில்போல வெள்ளி முழுவதும் பிளாஸ்ரிக்கோடு எழும்பியது. கையில் மிஞ்சியது கண்ணாடிபோல ஒரு வட்டம். "பிள்ளையாரே" என்றார் தவம் அண்ணை. பையைத் திறக்க அவருக்கு இன்னும் பத்து நிமிடம் பிடித்தது.

அவருடைய சீடியின் அடிப்பக்கத்தை மட்டும், விளிம்பிலிருந்து உள்ளே, சவர அலகால் கீறிக் கீறி உரித்தேன். மேல் பிளாஸ்ரிக் அப்படியே இருக்க, சுற்றிவர வட்டமாகவும் நடுத் துளையையும் வெட்டினேன். மிஞ்சிய பசைக்கு ஸ்ரான்லியின் தாயார், காய்ச்சலுக்கு நெற்றியில் பூசும் ஓடிக்கொலோன் போத்தலைத் தந்தார். ஸ்ரூடியோ முழுவதும் காய்ச்சல் வீட்டு மணம். முதல் தடவை பெட்டி உறுமிவிட்டு வெளியே தள்ளியது. இன்னொரு தடவை துடைத்தேன். இரண்டாம் தடவை திறந்தது.

உள்ளே மூன்று கோப்புகள். முதலாவது அந்த மென்பொருள். நிறுவினோம். திரையில் ஒரு பெட்டி எழும்பி உரிமத் திறவுகோல் கேட்டது. திறவுகோலை வாங்கவேண்டிய இணைய முகவரியில் இப்போது யாரும் இல்லை, நிறுவனமே இல்லை. இரண்டாவது கோப்பு அந்த மென்பொருளுக்கு மட்டும் விளங்குகிற தரவு. பதினொரு குடும்பத்தின் வயலும் அதற்குள் இருக்கிறது, நாங்கள் வெளியே நிற்கிறோம்.

"எங்கட வயல், எங்கட பேர். திறப்பு வேற ஆரிட்டையோ" என்றார் தவம் அண்ணை. குரல் உயரவில்லை. விமானத்தில் நான் எழுதிய மூன்று காரணங்களிலும் இந்த வாக்கியம் இல்லை.

மூன்றாவது கோப்பின் பெயர் "வயல்". இரட்டைக் கிளிக் செய்தேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் திறந்தது. வெறும் எழுத்து. பெயர், ஏக்கர், நான்கு எல்லை. வரிக்கு ஒரு ஆள், இருநூறுக்கு மேல் வரிகள். ஸ்ரான்லியின் கைத்தொலைபேசியில்கூடத் திறந்தது.

கலா என் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"விதி நாலு" என்றேன். "எதையும் வெறும் எழுத்தாக இன்னொரு தரம் வைக்கவும்."

"நான் வைச்சனானோ? சத்தியமா ஞாபகம் இல்லையடி. கை தன்ரை பாட்டிலை செய்திருக்கு."

நாலாம் நாள் ஞாயிறு. மடுவுக்குப் போனோம், கலாவும் வந்தாள். மாதாவுக்கு அவளும் ஒரு திரி கொளுத்தினாள். பிறகு மரங்களுக்கிடையில் நடந்து, தங்கள் தறப்பாள் இருந்த இடம் இதுதான் என்று ஒரு மரத்தைக் காட்டினாள். பிறகு இன்னொரு மரத்தைக் காட்டினாள். மர நிழலில் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைச் சாப்பிட்டபடி என் ஒரு பக்கக் குறிப்பை அவளுக்கு வாசித்தேன்.

"சட்டம் போட்டு நிரலைத் திறந்து வைச்சா நான் வாசிப்பனோ? நான் நெல் விதைக்கிறனான்."

"நீ வாசிக்கத் தேவையில்லை. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் எங்கயாவது இருந்தாப் போதும். நேற்று அந்த மென்பொருள் திறந்ததா இருந்திருந்தா, திறவுகோல் கேக்கிற இடத்தை நானே எடுத்துவிட்டிருப்பன்."

"எங்கட தமிழ்ச் சொல்லுகளுக்கு என்ன நடந்தது? அது திறந்ததுதானே."

நாங்கள் ஆறு பேரும் பிரிந்த பிறகு அந்த மொழிபெயர்ப்பை யாரும் தொடரவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் பாதி ஆங்கிலமாகிவிட்டது. திறந்து வைத்த வீட்டையும் யாராவது கூட்டவேண்டும்.

ஐந்தாம் நாள் கூட்டம், பள்ளிக்கூட மண்டபத்தில். நீர்ப்பாசன எஞ்சினியர் முன்னால் இருந்தார். தவம் அண்ணை பட்டியலை அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் செல்லத்துரையர் எழும்பினார். நிறைய வயல் உள்ளவர். பதினொரு பேர் விழுந்தால் மற்றவர்களின் பங்கு கூடும், அவருடையது எல்லாரையும்விடக் கூடும்.

"இது வெறும் எழுத்து. ஸ்ரூடியோவிலை இருந்து அடிச்சதெண்டு ஊரெல்லாம் கதை. இதை ஆரும் மாத்தலாம்தானே?" என்னைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை, நீர் சொல்லும். மாத்த ஏலுமோ, ஏலாதோ?"

கலா என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள்.

"ஏலும்" என்றேன்.

மண்டபம் இரைந்தது. உண்மை அதுதான். பூட்டிய கோப்பை யாரும் மாற்றியிருக்கமுடியாது, யாரும் திறக்கவும் முடியாது. திறந்த கோப்பை யாரும் மாற்றலாம். எஞ்சினியர் பேனாவை மூடினார். அப்போது தவம் அண்ணை கதிரையில் ஏறி நின்றார்.

"கொம்பியூட்டர் வரமுதல் எப்பிடிச் செய்தனாங்கள்? மறந்துபோச்சோ எல்லாருக்கும்? போகத்துக்குப் போகம் பட்டியலை வாசிப்பம். பக்கத்து வரம்புக்காரன் ஓம் எண்டால் பேர் நிக்கும். இல்லையெண்டால் விழும். கொம்பியூட்டர் வந்த பிறகுதானே ஒட்டிப்போட்டு வீட்டை போகப் பழகினனாங்கள்."

எஞ்சினியர் ஒரு நிமிடம் யோசித்தார். "வாசியுங்கோ."

தவம் அண்ணை கண்ணாடி கொண்டுவரவில்லை. நான்தான் வாசித்தேன். பெயர், ஏக்கர், எல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்து வயற்காரர் கை தூக்கி "ஓம்" என்றார். இரண்டு இடத்தில் "இல்லை, அது மகனுக்குப் போட்டுது" என்று திருத்தினார்கள், பேனாவால் எழுதினேன். ஒருவர் தன் எல்லைக்கு ஓம் சொல்லமுதல், "முதல் என்ர மண்வெட்டியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ" என்றார். மண்டபம் சிரித்தது. வெயில் யன்னலால் நகர்ந்து மற்றச் சுவருக்குப் போனது.

நூற்று நாற்பதாவது வரியோ என்னவோ, கலாவின் பெயர். நாலு ஏக்கர். வடக்கு எல்லை: செல்லத்துரை.

வாசித்துவிட்டு நிறுத்தினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ இருமினார்கள். கலா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவரை நேரே பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்?" என்றார் அவர். பிறகு எஞ்சினியர் பக்கம் திரும்பினார். "ஓம். இவளின்ர வரம்பாலைதான் நான் ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போறனான். இல்லையெண்டு சொன்னா நாளைக்கு எதாலை நடக்கிறது?"

மற்றப் பத்துப் பேரின் பெயர்களும் பட்டியலில் நின்றன.

அன்று பின்னேரமே குறிப்பை எடுத்து மூன்று காரணங்களையும் வெட்டினேன். அவை பிழையல்ல, சின்னவை. இப்போது அதில் இருப்பது இவ்வளவுதான்: ஆம், கட்டாயமாக்கவேண்டும், மக்களின் பெயர் இருக்கும் பதிவின் திறப்பு மக்களிடமன்றி வேறொருவரிடம் இருக்கக்கூடாது. கீழே இரண்டு வரி சேர்த்தேன். பதிவு முதல் நாளிலிருந்தே வெறும் எழுத்தாகவும் இருக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, அதில் பெயர் உள்ளவர்கள் முன் வாசிக்கப்படவேண்டும். இரண்டாவது வரியை மேலாளர் வெட்டுவார் என்று நினைக்கிறேன்.

இதை எழுதும் இன்று நிலைமை: கலாவுக்குச் சிறுபோகத்தில் ஒரு ஏக்கர், விதைத்துவிட்டாள். சீடி ஒரு பக்கம் பிளாஸ்ரிக்கோடு பைக்குள் இருக்கிறது. கூட்டத்தில் ஓம் சொல்லப்பட்ட பட்டியல் அமைப்பின் சுவரில் இருக்கிறது. தவம் அண்ணை அதை லமினேற் செய்துவிட்டார். அம்மாவின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. நகரசபை ஆனியில் வாக்களிக்கும்.